வீக்கெண்ட் கேம்பிங்: டென்ட், யர்ட், கேரவன் - பெங்களூருவில் இருந்து கிளம்பும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல் வந்து விழுகிறது. ஏரிக்கரையில் வரிசையாக ஆரஞ்சு நிற டென்ட்கள், நடுவில் கேம்ப்ஃபயர், பின்னணியில் கிட்டார். "மச்சி, சிட்டில இருந்து ரெண்டு மணி நேரம்தான். போலாமா?" அடுத்த ஐந்து நிமிடத்தில் எட்டு பேர் கையைத் தூக்கிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் போனிலேயே அட்வான்ஸும் அனுப்பிவிடுகிறார்.

அது யாருடைய நிலம்? அங்கே டென்ட் போட அனுமதி இருக்கிறதா? ராத்திரி யாருக்காவது ஏதாவது ஆனால் பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? அந்த ஐந்து நிமிடத்தில் இதையெல்லாம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேம்பிங் நல்ல விஷயம்தான். வாரம் முழுக்க ஸ்க்ரீனைப் பார்த்த கண்ணுக்கு ஒரு ராத்திரி நட்சத்திரம் தெரிந்தால் நல்லதுதானே. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் நடந்த சில மரணங்கள், இதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. வேலைக்காகப் போன தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கும் பெங்களூருவையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

டென்ட், யர்ட், கேரவன்: என்ன வித்தியாசம்?

டென்ட் என்றாலே ஒரே பொருள் இல்லை. நீங்களே முதுகில் சுமந்துபோய் விரிப்பது ஒரு வகை. கேம்ப் நடத்துபவர்களே சிமென்ட் மேடை போட்டு, கட்டில், ஃபேன், அட்டாச்டு பாத்ரூம் வைத்து நிரந்தரமாகக் கட்டியிருப்பது இன்னொரு வகை. இதைத்தான் நம் ஊரில் 'ஸ்விஸ் டென்ட்' என்கிறார்கள். விளம்பரங்களில் 'கிளாம்பிங்' என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

யர்ட் என்பது மத்திய ஆசியாவின் மேய்ச்சல் சமூகங்களின் வட்ட வடிவ வீடு. மங்கோலியர்கள் இதை 'கெர்' என்கிறார்கள். மடக்கி விரிக்கக்கூடிய மரச்சட்டச் சுவர், உச்சியில் ஒரு வளையம், அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி இறங்கும் கூரைக் கழிகள், மேலே செம்மறி ஆட்டு ரோமத்தில் செய்த தடித்த கம்பளம். மங்கோலிய கெர் கட்டும் கலை 2013-லும், கிர்கிஸ், கசாக் யர்ட் கட்டும் கலை 2014-லும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

அது குளிரும் வறட்சியும் உள்ள புல்வெளிக்காக உருவான வீடு. நம் ஊர் மழையில் ரோமக் கம்பளம் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் இங்கே 'யர்ட்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இரும்பு அல்லது மரச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொண்ட கேன்வாஸ் போர்த்திய வட்ட அறைதான். அதில் தப்பில்லை. ஆனால் உச்சியில் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் மதியம் உள்ளே இட்லிச் சட்டிதான்.

கேரவன் என்றால் சக்கரம் வைத்த அறை. அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள். அங்கே ஆர்.வி. பார்க்கில் வண்டியை நிறுத்தினால் மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, கழிவுநீரைக் கொட்ட தனி இடம் எல்லாம் கிடைக்கும். இந்தியாவில் அந்தக் கட்டமைப்பு இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, வாகமண்ணில் கேரவன் பார்க்கையும் தொடங்கியது. மற்ற இடங்களில் வண்டியை எங்கே நிறுத்துவது, டாய்லெட் டேங்கை எங்கே காலி செய்வது என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

பெங்களூருவுக்குப் பக்கத்தில் எங்கே தங்கலாம்?

முதல்முறை போகிறவர்களுக்குப் பாதுகாப்பான தொடக்கம், கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸ் நடத்தும் முகாம்கள். நகரத்தை ஒட்டியே பன்னேர்கட்டாவில் ஒன்று இருக்கிறது. சுமார் 100 கி.மீ. தூரத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி. கனகபுரா வழியாகப் போனால், அர்க்காவதி காவிரியோடு கலக்கும் சங்கமாவைத் தாண்டி கலிபோரே. மேகேதாட்டு என்று செய்திகளில் படிக்கிறோமே, அந்தப் பக்கம்தான். டென்ட் வகைத் தங்குமிடம், சாப்பாடு, கூடவே வரும் வழிகாட்டி எல்லாம் ஒரே பேக்கேஜில் வரும். விலை தனியார் டென்ட்டைவிடக் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் காட்டுக்குள் அனுமதியோடு தங்குகிறோம் என்ற நிம்மதியும் அந்த விலையில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது வகை, ராமநகரா, சிக்கபள்ளாபுரா, கோலார் பக்கம் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் இருக்கும் தனியார் கேம்ப்கள். இவற்றில் நல்லதும் உண்டு, நேற்று நாலு டென்ட் வாங்கி இன்று போர்டு மாட்டியதும் உண்டு. எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறோம்.

மூன்றாவது, மலையேறி உச்சியில் டென்ட் போடுவது. பழைய ப்ளாக்குகளைப் படித்துவிட்டு, "ஸ்கந்தகிரி மேல டென்ட் போடலாமாமே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மலையேற்றத்துக்கு வனத்துறையின் ஆன்லைன் முன்பதிவு வேண்டும். விருப்பம்போல ராத்திரி ஏறி மேலே தங்கும் காலம் முடிந்துவிட்டது. 2024 ஜனவரி இறுதியில் குமார பர்வத மலைப்பாதையில் ஆயிரக்கணக்கானோர் குவிந்த வீடியோ வைரலானதைத் தொடர்ந்து, ஆன்லைன் முன்பதிவு இல்லாத மலையேற்றப் பாதைகளை கர்நாடக அரசு தற்காலிகமாக மூடியதும் நினைவிருக்கலாம்.

"சும்மா ஒரு டென்ட்தானே?" - சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆளில்லாத நிலம் என்றால் உரிமையாளர் இல்லாத நிலம் என்று அர்த்தம் இல்லை. வனத்துறை, வருவாய்த்துறை, நீர்வளத்துறை, ஊராட்சி அல்லது ஒரு தனிநபர் என்று யாராவது ஒருவருக்கு அது சொந்தமாக இருக்கும்.

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் கர்நாடக வனச் சட்டம் 1963-ன்படி குற்றம். அது வனவிலங்கு சரணாலயமாக இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ம் சேர்ந்துகொள்ளும். அதன் 27-வது பிரிவு அனுமதியற்ற நுழைவையும், 30-வது பிரிவு தீ வைப்பதையும் தடுக்கின்றன. பீமேஸ்வரி, கலிபோரே இருக்கும் பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயம். 'ஆத்தங்கரைதானே' என்று அங்கே ஓரமாக டென்ட் விரித்தால் வழக்கில்தான் போய் முடியும்.

தனியார் நிலத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. விவசாய நிலத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த, கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95-வது பிரிவின் கீழ் நிலவகை மாற்ற அனுமதி வேண்டும். அது போக, உள்ளாட்சி உரிமமும் தேவை. இதெல்லாம் கேம்ப் நடத்துபவரின் தலைவலி என்று நினைக்கலாம். ஆனால் பாதி ராத்திரியில் போலீஸோ வனத்துறையோ வந்து கிளம்பச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான்.

பெங்களூருவில் மட்டும் இப்படி இல்லை. கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை கங்கைக் கரை மணலில் அமைக்கப்பட்ட முகாம்களுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடை போட்டது. உத்தராகண்டின் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை அம்மாநில உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை செய்தது. கூட்டம் கூடும் இடங்களில் எல்லாம் விதிகள் இறுகிக்கொண்டுதான் வருகின்றன. அதனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய ரீலை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அனுமதி என்பது வெறும் காகிதமா?

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே, காட்டை ஒட்டிய ஒரு ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த இளம் ஆசிரியை காட்டு யானை தாக்கி இறந்தார். டென்ட்கள் உரிய அனுமதி இல்லாமல் போடப்பட்டவை என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். மாவட்ட நிர்வாகம் அந்த இடத்தை மூட உத்தரவிட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையில் ஐ.டி. வேலை பார்த்த இளைஞர்கள். வார இறுதிக்காகக் கிளம்பியவர்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

'பர்மிஷன்' என்பது உண்மையில் என்ன என்று இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. யானை எந்த வழியில் நடக்கிறது, எந்த மாதத்தில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் நிலையில் இருக்கிறது என்பது உள்ளூர் வனக்காவலருக்குத் தெரியும். அவர் 'சரி' என்று சொன்ன இடத்தில், சொன்ன நாளில் தங்குவதுதான் அனுமதியின் முழு அர்த்தம். பிப்ரவரி முதல் மே வரை தென்னிந்திய இலையுதிர் காடுகளில் தீ அபாயம் அதிகம். அந்த மாதங்களில் கேம்ப்ஃபயர் இல்லாவிட்டால் கேம்பிங் கெட்டுப்போகாது.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஆபத்து

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் சோதனையில் தெரியவந்தது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் கேரளாவைச் சேர்ந்த எட்டு சுற்றுலாப் பயணிகள், அதில் நான்கு குழந்தைகள், ஹோட்டல் அறையில் கேஸ் ஹீட்டரை ஓடவிட்டுத் தூங்கியபோது இறந்தார்கள்.

கரி, விறகு, கேஸ், டீசல் என்று எது எரிந்தாலும், போதிய காற்று இல்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். 'டிராவல் பண்ண டயர்டு' என்று நினைத்துப் படுப்பவர் எழுந்திருக்காமலே போகலாம்.

அதனால் இதில் விதிவிலக்கே வேண்டாம். பார்பிக்யூ அடுப்பு அணைந்த மாதிரி இருந்தாலும் டென்ட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. குளிருக்காகக் கரிச்சட்டி வேண்டாம். மழை பெய்தாலும் உள்ளே கேஸ் ஸ்டவ் பற்ற வைக்க வேண்டாம். கேரவனில் ஜெனரேட்டரையோ என்ஜினையோ ஓடவிட்டுத் தூங்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிற வண்டியையே கேளுங்கள். குளிருக்குத் தீர்வு தரையில்தான் இருக்கிறது. காற்றைவிடத் தரைதான் உடல் சூட்டை வேகமாக இழுக்கும். தடித்த மேட் ஒன்றைக் கீழே போட்டாலே பாதிக் குளிர் போய்விடும்.

கேரவன் வாடகைக்கு எடுக்கிறீர்களா?

நம்பர் பிளேட்டில் இருந்து ஆரம்பியுங்கள். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு, நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஆர்.சி. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. பழைய வேனுக்குள் படுக்கை, சிங்க், கேஸ் சிலிண்டர் எல்லாம் பொருத்திவிட்டு ஆர்.சி.யில் சாதாரண வேன் என்றே வைத்திருந்தால் அது சிக்கல். தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ போகும் திட்டம் என்றால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். பந்திப்பூர் காட்டு வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. "கேட் கிட்ட நிறுத்தித் தூங்கிக்கலாம்" என்பது நல்ல திட்டம் இல்லை. குண்டுலுபேட்டையிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

பாம்பு, மழை, இடி, தண்ணீர்

தரையில் தூங்குபவர்கள் பயப்பட வேண்டிய பாம்பு கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும். கடித்தால் பெரிதாக வலி இருக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. வயிற்றுவலி, கண் இமை தானாகத் தொங்குவது என்று சில மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி வரலாம். ஜிப் முழுசாக மூடிய டென்ட்டே இதற்கு நல்ல பாதுகாப்பு. ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். ராத்திரி டாய்லெட் போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

கடித்துவிட்டால் கிழிக்க வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரம், வாட்சைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் பொதுவானது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு, சென்னை அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் இருந்து போகிறது.

மழை விஷயத்தில், பெங்களூருவுக்கு ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழையும், செப்டம்பர், அக்டோபரில் கனமழையும் வழக்கம். டென்ட் வாங்கும்போது துணியில் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று எழுதியிருப்பார்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் ஒழுகாது என்று அர்த்தம். நம் மழைக்கு எண் கூடுதலாக இருப்பது நல்லது. '3 பேர் டென்ட்' என்றால் 3 பேர் ஒட்டிப் படுக்கலாம், பைக்கு இடம் இருக்காது.

மின்னல் அடித்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. டென்ட் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.

தண்ணீரில் கூடுதல் கவனம் வேண்டும். மஞ்சனபெலே மாதிரியான அணைக்கட்டுகளில் குளிக்கப் போய் மூழ்கிய செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மேலே அமைதியாகத் தெரியும் நீருக்குக் கீழே திடீர்ப் பள்ளமும் சேறும் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் தப்பவில்லை. பீர் குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்வான்ஸ் அனுப்பும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. நிலம் யாருடையது? உள்ளாட்சி உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு இருந்தால் போட்டோ அனுப்புவீர்களா?

2. காட்டு எல்லையோ யானை வழித்தடமோ எவ்வளவு தூரம்? சுற்றி வேலி இருக்கிறதா?

3. ராத்திரி முழுக்க ஊழியர் யாராவது அங்கேயே இருப்பாரா? பெண்கள் மட்டும் வந்தால் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

4. டாய்லெட் எத்தனை? அங்கே விளக்கு இருக்கிறதா, கதவு உள்பக்கம் பூட்டுமா?

5. கனமழை வந்தால் ஒதுங்க கான்க்ரீட் கட்டடம் இருக்கிறதா?

6. போன் சிக்னல் எந்த நெட்வொர்க்குக்கு வரும்? 24 மணி நேர மருத்துவமனை எங்கே?

7. மழையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா?

நல்ல கேம்ப் நடத்துபவர் இந்தக் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ப்ரோ" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

நாம் கிளம்பிய பிறகு அங்கே என்ன மிச்சம்?

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. அது கிராமத்துக்கும் பொருந்தும். நமக்கு அது வீக்கெண்ட். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு விடிகாலை பால் கறக்கும் நாள்.

குப்பையைத் திரும்ப நகரத்துக்கே எடுத்து வாருங்கள். டாய்லெட் இல்லாத இடத்தில், தண்ணீரில் இருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். வெட் வைப்ஸ் மக்காது, அதையும் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். கேரவனின் கழிவு டேங்கைச் சாலையோர ஓடையில் திறந்துவிடுவது அந்த ஊரின் குடிநீரில் கைவைப்பது.

கடைசியாக ஒன்று. எங்கே போகிறீர்கள், யார் யார், எந்த வண்டி, ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள். லொகேஷன் பின்னையும் சேர்த்து அனுப்புங்கள். ஊரில் இருக்கும் அம்மா "எதுக்குடா காட்டுக்குள்ள போய் படுக்கிற, வீட்ல கட்டில் இல்லையா?" என்று கேட்பார்தான். கேட்கட்டும். சிக்னல் இல்லாத ஒரு ராத்திரியில் உங்களைத் தேட வேண்டி வந்தால், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது அவருக்காவது தெரிந்திருக்கும்.